பங்கிட்ட விதி: இலங்கையின் கல்விச் செலவும் எங்கள் பாடசாலைகளும்

வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வருகின்ற காலத்தில் எங்கள் ஊர்களில் ஒரே கேள்விதான் கேட்கப்படும். "இந்த முறை கல்விக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க?" தேநீர்க் கடையிலும் கேட்பார்கள், இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்பார்கள். மறுநாள் பத்திரிகை ஒரு தொகையைத் தரும். பக்கத்திலே பாதுகாப்பு அமைச்சுக்குரிய தொகையையும் போட்டிருக்கும். இரண்டையும் பார்த்து ஒரு பெருமூச்சு. அத்தோடு அந்த வருடத்துக் கதை முடிந்துவிடும்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பழைய கல்வி அறிக்கைகளையும் ஹன்சார்ட்டையும் திறைசேரியின் மதிப்பீட்டுப் புத்தகங்களையும் வாசிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டது. அந்த வாசிப்பில் எனக்குப் பட்ட ஒன்றை இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கடந்த 150 வருடங்களில் ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு, பொதுவாகச் சொன்னால் ஓர் ஏழைப் பிள்ளைக்கு, என்ன கிடைத்தது என்பதைத் தொகையை விட அதைப் பங்கிட்ட விதியே கூடுதலாகத் தீர்மானித்திருக்கிறது. தொகை ஏறிய காலத்திலும் எங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. பணம் இல்லையென்று எல்லோரும் கையை விரித்த காலத்திலும், விதி மாறியதால் கிடைத்திருக்கிறது. இதை எங்கள் மக்கள் பிரதிநிதிகள் அறிந்திருக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒதுக்கீட்டுச் சட்டமூலத்துக்குக் கை உயர்த்துகிறவர்கள் அவர்கள்தானே.

முதலில் கட்டு, பிறகு தருகிறோம்

1867இல் மோர்கன் குழுவின் அறிக்கை வந்தது. அதன் பயனாக 1869இல் பொதுக் கல்வித் திணைக்களம் உருவானது. தொடர்ந்து நன்கொடை முறை, அதாவது உதவி பெறும் பாடசாலை முறை, வேரூன்றியது. அந்த முறையின் சாரம் மிக எளிது. ஒரு சங்கமோ மிஷனோ தன்னுடைய பணத்தில் கட்டடம் கட்டி, ஆசிரியரை அமர்த்தி, பிள்ளைகளைச் சேர்த்துப் பாடசாலை நடத்த வேண்டும். பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளைக் கணக்கெடுத்து அரசு பணம் கொடுக்கும். 'பெறுபேற்றுக்கு ஏற்ற கொடுப்பனவு' என்று அதைச் சொன்னார்கள்.

வெளித்தோற்றத்துக்கு இது நீதியான ஏற்பாடு. எந்தச் சமயத்தவரும் விண்ணப்பிக்கலாம். யாருக்கும் கதவு மூடப்படவில்லை. ஆனால் அந்தக் கதவு வரைக்கும் போவதற்குக் கையில் முதல் வேண்டும். அமெரிக்க மிஷனுக்கும் வெஸ்லியன் மிஷனுக்கும் அங்கிலிக்கன் சபைக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் அந்த முதல் இருந்தது. கடல் கடந்து வந்தது. கரையோரத்து மீன் வியாபாரிக்கும் மலையகத்து நகரங்களில் சில்லறைக் கடை வைத்திருந்தவருக்கும் அது எங்கே இருந்து வரும்?

எங்களிடம் பாடசாலையே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஊருக்கு ஊர் ஓதப்பள்ளி இருந்தது. லெப்பையிடம் குர்ஆனும் அரபுத் தமிழும் படித்த பிள்ளைகள் ஏராளம். ஆனால் பரிசோதகருடைய பட்டியலில் அந்தப் படிப்புக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாத இடத்தில் பணமும் கிடையாது. அரபு எழுத்தில் சரளமாக வாசிக்கிற ஒரு பெண் பிள்ளை, அரசின் கணக்கில் எழுத்தறிவற்றவள்.

1890களின் தொடக்கத்தில் தூரம் பற்றிய விதியொன்றும் இறுக்கப்பட்டது. ஏற்கெனவே பாடசாலை இருக்கும் இடத்திலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்கும் பாடசாலைக்கு நன்கொடை இல்லை என்பது அதன் சாரம். முதலில் வந்தவர் இடத்தைப் பிடித்துக்கொள்வார், பின்னால் வருபவர் வெளியே நிற்பார். ஒல்கொட் தலைமையிலான பௌத்த இயக்கம் இதற்கு எதிராகப் பெருங்குரல் எழுப்பியது. சைவர்களுக்கும் இதே நெருக்கடிதான்.

எங்கள் வரலாற்றை எழுதியவர்கள் வழக்கமாக ஒன்றைச் சொல்வார்கள்: மதமாற்றத்துக்குப் பயந்து நாங்கள் மிஷன் பாடசாலைகளை ஒதுக்கினோம், அதனால்தான் பின்தங்கினோம் என்று. அந்தப் பயம் உண்மை. அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பது எங்களை நாங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவைக்கிற வேலை. பயமில்லாமல் போயிருந்தாலும்கூட, சொந்தப் பாடசாலை கட்டிப் பணம் பெறுவதற்கு அந்த விதி எங்களுக்கு இடம் வைத்திருக்கவில்லை. அரசின் பணம், ஏற்கெனவே பணம் உள்ளவரைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அறிஞர் சித்திலெப்பையின் முயற்சியைப் பார்க்க வேண்டும். கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அவர் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அதிலே ஓயாமல் கல்வியைப் பற்றி எழுதினார். பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை வேண்டும் என்றார். நாடு கடத்தப்பட்டு 1883இல் இங்கு வந்த ஒராபி பாஷாவும், கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் அவருக்குத் துணை நின்றார்கள். 1892இல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா உருவானது. இன்றைக்கு அதைச் சமூக விழிப்பின் அடையாளமாகக் கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் கணக்குப் பார்க்கிற கண்ணோடு பார்த்தால் அது வேறொன்றையும் காட்டுகிறது: ஒரு செல்வந்தரும் ஓர் அறிஞரும் ஒரு தலைநகரமும் ஒன்றாக அமைந்தால்தான் எங்களுக்கு ஒரு பாடசாலை. மூதூருக்கும் மன்னாருக்கும் பேருவளைக்கும் வாப்பிச்சி மரைக்கார்கள் கிடைக்கவில்லை.

சாவி வேறொருவரிடம்

1931இல் டொனமூர் யாப்பின் கீழ் அரசாங்க சபை வந்தது. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகவும் கல்வி அமைச்சராகவும் ஆனார். 1947 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அந்த யாப்பில் ஒரு விசித்திரம் இருந்தது. கல்வியைத் தீர்மானிக்கிறவர் மக்கள் தெரிவு செய்த அமைச்சர். நிதியோ நிதிச் செயலாளர் என்ற பிரித்தானிய அதிகாரியின் கையில். குழு ஒரு திட்டத்தைத் தீட்டலாம், பணப்பெட்டியின் சாவி வேறொருவரிடம். இன்றைய நிலையும் இதிலிருந்து அவ்வளவு தூரம் போய்விடவில்லை என்று சில வேளைகளில் எனக்குத் தோன்றும்.

1940இல் நியமிக்கப்பட்ட விசேட குழு 1943இல் அறிக்கை தந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரைக்கும் கட்டணமில்லாத கல்வி என்பதே அதன் நெஞ்சாங்குலை. 1944இல் அரசாங்க சபையில் அது பெரும் விவாதமானது. எதிர்த்தவர்கள் எல்லோரும் கல்விக்கு எதிரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. பெரிய கல்லூரிகளின் தரம் விழுந்துவிடும் என்றார்கள். யுத்த காலத்தில் பணம் எங்கே என்றார்கள். இரண்டாவது கேள்வி நியாயமான கேள்விதான். கடைசியில் 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இதிலே நாங்கள் கவனிக்க வேண்டியது 'இலவசம்' என்ற சொல்லை விட, அதற்குள்ளே மாறிய விதியைத்தான். அதற்கு முன் அரசின் பணம் பாடசாலை முகாமையாளருக்கு நன்கொடையாகப் போனது. இப்போது, "நீ கட்டணம் வாங்காதே, ஆசிரியர் சம்பளத்தை நாங்கள் தருகிறோம்" என்று அரசு சொன்னது. பணம் பிள்ளைகளின் தொகையையும் அவர்களுக்குத் தேவையான ஆசிரியர் தொகையையும் பின்தொடரத் தொடங்கியது. ஊரில் செல்வந்தர் இருக்கிறாரா என்ற கேள்வி முக்கியத்துவத்தை இழந்தது. அதோடு மத்திய மகா வித்தியாலயங்கள்: விடுதியும் ஆய்வுகூடமும் கொண்டு, நகரத்துக்கு வெளியே 54 வித்தியாலயங்கள் உருவாயின. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிலின் மூலம் கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளை அங்கே போனது. பணத்தை வேண்டுமென்றே இல்லாத இடத்துக்குக் கொண்டுபோன முதல் ஏற்பாடு அது என்பேன். இதைச் செய்த கன்னங்கரவை 1947 தேர்தலில் மத்துகமை மக்கள் தோற்கடித்தார்கள் என்பதையும் அரசியல்வாதிகளுக்கு நினைவூட்டத்தான் வேண்டும். நல்ல விதி போட்டவருக்கு வாக்குக் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

எங்கள் தலைவர்களில் ரி.பி. ஜாயா அக்காலத்தில் அரசாங்க சபையிலும் இருந்தார், ஸாஹிராவின் அதிபராகவும் இருந்தார். 1921இல் அவர் பொறுப்பேற்ற கல்லூரி, 1940களில் கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கம என்று கிளை விட்டது. சேர் ராசிக் பரீட் வேறு வழியில் போனார். அவர் பார்த்தது அரசாங்க மதிப்பீட்டுப் புத்தகத்தை. அரசாங்கப் பாடசாலைகளில் அரபு ஆசிரியர்களை நியமித்து அவர்களுடைய சம்பளத்தைக் கல்விச் செலவிலே சேர்க்க வைத்ததும், முஸ்லிம் ஆசிரியர் பயிற்சிக்கு இடம் பிடித்ததும் அந்த வழியில்தான். அளுத்கமையிலும் அட்டாளைச்சேனையிலும் முஸ்லிம் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைகள் அமைந்தன. பம்பலப்பிட்டியில் 1946இல் முஸ்லிம் மகளிர் கல்லூரி தோன்றியதற்கும் அவரே முன்னின்றார்.

இரண்டு பேரும் பெரியவர்கள். எனினும் என் மனம் இந்த விடயத்தில் ராசிக் பரீட் பக்கமே சாயும். ஒரு கட்டடம் ஓர் ஊருக்குப் பயன்படும். மதிப்பீட்டில் ஒரு வரி ஏறிவிட்டால், அது வருடா வருடம் எல்லா ஊருக்கும் வரும். பின்னாளில் மௌலவி ஆசிரியர் நியமனம் வருடக்கணக்காக இழுபட்டபோது நாங்கள் அனுபவித்த இழப்பு, அந்த ஒரு வரியின் பெறுமதி எவ்வளவு என்பதைக் காட்டியது.

எங்கள் பாடசாலைகளின் பழைய பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். 'அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலை' என்றிருக்கும். மற்றச் சமூகங்களின் பழம்பெரும் கல்லூரிகள் அருட்தந்தையரின் பெயரையோ தர்மகர்த்தாவின் பெயரையோ சுமந்து நிற்கும்போது எங்களுடையதில் 'அரசினர்' என்ற சொல்தான் முதலில் நிற்கிறது. அரசின் விதி எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் தான் எங்கள் பிள்ளைகளின் தலையெழுத்தும் திரும்பும் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி.

பலகையில் பெயர் பொறிக்கும் கலை

1960ஆம், 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாயின. அப்போதைய கல்வி அமைச்சர் கலாநிதி பதியுத்தீன் மஹ்மூத். கத்தோலிக்கர்களின் கடும் எதிர்ப்புக்கு நடுவில் ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தன. கட்டடச் செலவும் அரசின் தலையில் விழுந்தது. 1970 முதல் 1977 வரை அவர் மீண்டும் அமைச்சராக இருந்தார். முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. அதே காலத்துப் பல்கலைக்கழகத் தரப்படுத்தல் தமிழ் மாணவர் மத்தியில் ஏற்படுத்திய காயமும் அவருடைய பெயரோடு ஒட்டியே இருக்கிறது. ஒன்றை எழுதி மற்றதை மறைப்பது வரலாறாகாது.

1960களில் நாட்டின் மொத்த உற்பத்தியில் நான்கு வீதத்துக்கு மேல் கல்விக்குச் செலவானது. பிறகு அது இறங்கத் தொடங்கியது. இறங்கும்போதே இன்னொரு புதிய விதியும் நுழைந்தது.

1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தது. மாவட்ட மட்டத்தில், மக்கள் பிரதிநிதி கைகாட்டும் சிறு வேலைகளுக்குப் பணம். அதிகாரத்தைக் கீழே கொண்டுபோகும் நல்ல நோக்கத்தோடுதான் தொடங்கினார்கள். காலப்போக்கில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். எம்.பி. வருவார், மாலை விழும், பேண்ட் வாத்தியம் முழங்கும், ஒரு வகுப்பறைக் கட்டடத்துக்கு அடிக்கல். இரண்டு வருடம் கழித்துத் திறப்பு விழா, சலவைக் கல்லில் பெயர். அவர் தோற்றால் அரைகுறையாக நிற்கும் தூண்களில் ஆடு கட்டுவார்கள். எங்கள் கிழக்கு மாகாணத்து ஊர்களில் பெயர்க் கல்லுக்குக் குறைவே இல்லை. ஆய்வுகூடக் கட்டடம் இருக்கிறது, விஞ்ஞான ஆசிரியர் இல்லை. நூலகம் இருக்கிறது, புத்தகம் இல்லை. கட்டடத்துக்கு மூலதனச் செலவு. ஆசிரியருக்கு மீண்டுவரும் செலவு. முதலாவதில் கல் நடலாம், இரண்டாவதில் நட முடியாது. அதுதான் வித்தியாசம்.

எங்கள் பிரதிநிதிகள் மட்டும்தான் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் சிறுபான்மைச் சமூகத்தின் பிரதிநிதி, விதியைப் பற்றிப் பேசுவதை விட்டுச் சலுகையைக் கேட்கப் பழகிவிட்டால் நட்டம் இரட்டிப்பு. சலுகை இன்றைய அமைச்சர் தருவது. நாளைய அமைச்சர் வேறு ஆள்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் போன இரண்டு விடயங்களை இங்கே மறக்காமல் சொல்ல வேண்டும்: 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை. யாருடைய கையையும் பிடிக்கத் தேவையில்லாத விதிகள் இவை. பொருளாதாரம் சரிந்த பிறகு 2023இல் சீருடைத் துணியின் பெரும் பகுதியைச் சீனாவிடமிருந்து அன்பளிப்பாக வாங்க வேண்டியிருந்தும் அந்தத் திட்டத்தைக் கைவிட எந்த அரசாங்கத்துக்கும் துணிவு வரவில்லை. எல்லோருக்கும் பொதுவான உரிமை என்பதால் அதைத் தொட முடியவில்லை.

பத்திரிகைத் தொகையின் பின்னால்

1987இன் 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு கணக்கு இரண்டாகப் பிரிந்தது. தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழ். மற்றவை மாகாண சபைகளின் கீழ். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளில் தேசிய பாடசாலைகள் நானூறுக்குக் கிட்டத்தட்டத்தான் இருக்கும். கல்வி அமைச்சின் தலைப்பான 126இல் தேசிய பாடசாலைகளின் செலவும் பாடநூல், சீருடை போன்ற பொதுச் செலவுகளும் இருக்கின்றன. ஏனைய ஒன்பதாயிரத்துச் சொச்சம் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளமோ மாகாண சபைகளுக்கான ஒதுக்கீட்டுக்குள், நிதி ஆணைக்குழுவின் சிபாரிசோடு போகிறது. "கல்விக்கு இவ்வளவு" என்று பத்திரிகை போடுகிற தொகையில் பல வேளைகளில் இந்தப் பெரிய பகுதி சேர்வதில்லை. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிக்கிற பாடசாலைகளை விட்டுவிட்டுத்தான் நாங்கள் ஒவ்வொரு வருடமும் பெருமூச்சு விடுகிறோம்.

2000ஆம் ஆண்டளவில், பாடசாலைக்குத் தேவையான கற்பித்தல் பொருட்களுக்கு நியம அடிப்படையில் பணம் ஒதுக்கும் முறை அறிமுகமானது. ஒவ்வொரு பாடசாலையின் மாணவர் தொகை, வகுப்பு, பாடத்துறை ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். நல்ல முறை; இன்றும் அதைப் பாராட்டுவேன். ஆனால் மொத்தச் செலவில் அது சிறு துளி. கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் அந்த விதி செல்லாது. அந்தத் துளியும் நேரத்துக்கு விழுவதில்லை. நான் அதிபராக இருந்த ஒரு பாடசாலைக்கு ஒரு வருடம் அந்தப் பணம் நவம்பர் நடுப்பகுதியில்தான் வந்தது. டிசம்பர் 31க்குள் செலவழித்துப் பற்றுச்சீட்டு அனுப்பு, இல்லையென்றால் பணம் திரும்பிவிடும் என்று மேலிடத்து உத்தரவு. உயர்தர வகுப்புக்கு இரசாயனப் பொருள் கேட்டால் கொழும்பிலிருந்து வர ஆறு வாரம். கடையில் இருந்த பிறிஸ்டல் போர்டையும் பந்துகளையும் வாங்கினோம். கணக்காய்வில் ஒரு குறையும் இல்லை.

ஒதுக்குவது வேறு, விடுவிப்பது வேறு. மதிப்பீட்டுப் புத்தகத்தில் இரண்டு வருடத்துக்கு முந்திய உண்மைச் செலவுக்கென்று ஒரு நிரல் இருக்கிறது. அந்த நிரலை வாசிக்காமல் புதிய ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசுவது, சமைக்காத சோற்றைப் பங்கிடுவது மாதிரி.

இதற்கிடையில் 1870களின் விதி பின்கதவால் திரும்பி வந்துவிட்டது. பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் இப்போது பாடசாலையின் இரண்டாவது திறைசேரி. நகரத்துத் தேசிய பாடசாலையின் பழைய மாணவர் இலண்டனிலும் டுபாயிலும் இருக்கிறார்கள். நீச்சல் தடாகம் வருகிறது. மூதூர்ப் பக்கத்துக் கிராமப் பாடசாலையில் பெற்றோரிடம் நூறு ரூபாய் கேட்டால், அந்தப் பிள்ளை மறுநாள் வராது. சமூகம் முதல் போடட்டும் என்று சொல்கிற எந்த விதியும், அதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்தாலும், இருக்கிறவருக்கே மேலும் கொடுக்கும்.

ஆறு வீதமும் எட்டு வீதமும்

2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஏறத்தாழ 100 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குத் தா என்பது அவர்களுடைய கோஷம். சுவரெல்லாம் '6%' என்று எழுதியிருந்தது. 2015இன் இஞ்சியோன் பிரகடனமும் 4 முதல் 6 வீதம் வரை என்று அளவு சொன்னது. அரச செலவில் 15 முதல் 20 வீதம் என்றும் சொன்னது. நாங்களோ அண்மைக் காலமாக 2 வீதத்தைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் நிற்கிறோம். அந்தக் கோரிக்கையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சொல்கிறவர்கள் இன்னொரு எண்ணையும் சொல்ல வேண்டும். 1990இல் அரசின் வருமானம் மொத்த உற்பத்தியில் 20 வீதத்துக்குச் சற்று மேல் இருந்தது. 2019 இறுதியில் வரிகளை வெட்டிய பிறகு, 2021லும் 2022லும் அது 8 வீதமளவுக்கு விழுந்தது. 2022இல் வந்த வருமானத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் கடன் வட்டிக்கே போனது. 8 வீதம் வருகிற வீட்டில் 6 வீதத்தைப் பிள்ளையின் படிப்புக்குக் கேட்டால் என்ன பதில் வரும்? அந்த வருடம் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைக்குத் தாள் இல்லாமல் பரீட்சையைத் தள்ளிப்போட்டார்கள். எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளை மூடினார்கள். வரி வெட்டைக் கைதட்டி வரவேற்றவர்களில் எங்கள் வியாபாரிகளும் உண்டு. அந்த வெட்டின் ஒரு பகுதியைக் கட்டியது பாடசாலைப் பிள்ளைகள்தான் என்று அன்றைக்கு யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

ஆகவே வரியைப் பற்றிப் பேசாத கல்விக் கோரிக்கை அரைக் கோரிக்கை. ஒரு மக்கள் பிரதிநிதி கல்விக்குக் கூடப் பணம் கேட்கும் அதே நாளில், எந்த வரிச் சலுகையை நீக்கலாம் என்றும் சொல்ல வேண்டும்.

அடுத்தது, பாடசாலைக்குப் பணம் போகும் விதியைச் சுற்றறிக்கையிலிருந்து சட்டத்துக்குக் கொண்டுவருவது. அமைச்சர் மாறும்போது சுற்றறிக்கை மாறும். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் பிள்ளைக்கு இவ்வளவு, வறுமையும் தூரமும் கூடிய இடத்துக்கு மேலதிகம் என்று மூன்று படியில் அது இருக்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்று மட்டும் வைத்தால் சிறிய பாடசாலை செத்துவிடும். நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாடசாலைகளில் 100 பிள்ளைகள்கூட இல்லை. அவற்றில் சிலதைச் சேர்த்துவிடலாம் என்பது நிதி அதிகாரிகளின் வாதம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் அது சரியும்கூட. ஆனால் இடையில் களப்போ காடோ இருக்கிற இடத்தில் பாடசாலையை மூடினால் முதலில் வீட்டில் நிற்பது பெண் பிள்ளை.

அபிவிருத்திச் சங்கங்கள் சேர்க்கும் பணத்தைத் தடை செய்யச் சொல்லமாட்டேன், நடக்காத காரியம். ஆனால் ஒவ்வொரு பாடசாலையும் வருடத்தில் எவ்வளவு சேர்த்தது என்று பகிரங்கமாக அச்சிட வேண்டும். இலட்சங்களாகச் சேர்க்க முடிந்த பாடசாலைக்கும் ஒன்றுமே சேர்க்க முடியாத பாடசாலைக்கும் அரசின் மூலதனப் பணம் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது. பன்முகப்படுத்தப்பட்ட நிதியிலிருந்து கல்விக்குப் போகும் பணம் வலயக் கல்விப் பணிமனையின் தேவைப் பட்டியலின்படி மட்டும் போக வேண்டும். எம்.பி.மார் இதை விரும்பமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரியது ஆசிரியர் இடமாற்றம். கல்விச் செலவின் பெரும் பகுதி சம்பளம். மூத்த ஆசிரியருக்குச் சம்பளம் கூட. அவர் விரும்புவது நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள பாடசாலையை. செல்வாக்கு இருந்தால் அங்கேயே இருபது வருடம் இருப்பார். புதிதாக நியமனம் பெற்றவர் தூரத்துக்குப் போவார், மூன்று வருடத்தில் திரும்பிவிடுவார். ஆக, இடமாற்றப் பட்டியல்தான் உண்மையான வரவு செலவுத் திட்டம். கல்முனைப் பக்கத்தில் ஒரு பாடத்துக்குத் தேவைக்கு மேல் ஆசிரியர் இருக்கும்போது பொத்துவிலில் அதே பாடத்துக்கு ஆளில்லை. எங்கள் ஊருக்குத் தனிக் கல்வி வலயம் தாருங்கள் என்று பொத்துவில் மக்கள் வருடக்கணக்காகக் கேட்டுப் போராடியதன் அடியில் இருப்பது இந்தக் கணக்குத்தான். இங்கே அநியாயம் செய்வது வேறு சமூகமல்ல. கல்முனையிலும் முஸ்லிம் ஆசிரியர்தான், பொத்துவிலிலும் முஸ்லிம் பிள்ளைதான்.

அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. அரசாங்க நிதி பற்றிய குழு இருக்கிறது. 2023இல் பாராளுமன்ற வரவு செலவுத் திட்ட அலுவலகத்துக்கும் சட்டம் நிறைவேறியது. கருவிகளுக்குக் குறையில்லை. கல்வி அமைச்சின் மீதான குழுநிலை விவாத நாளில் எங்கள் உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பாடசாலைக்குக் கேட்போர் கூடம் கேட்டு நேரத்தை முடித்துக்கொள்ளாமல், மாகாண சபைத் தலைப்புகளுக்குள் ஒற்றைத் தொகையாக மூடிக் கிடக்கும் ஆசிரியர் சம்பளச் செலவைக் கையிலெடுக்கட்டும். வலயம் வலயமாக, ஒரு பிள்ளைக்கு எத்தனை ரூபாய் என்று அதைப் பிரித்து அச்சிடும்படி கேட்கட்டும். அந்த அட்டவணையில் கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நேராக என்ன எண்கள் நிற்கும் என்று பார்க்க எனக்கும் ஆசை. அதை அச்சிடத் திறைசேரிக்குப் புதிதாக ஒரு சதமும் செலவாகாது.